இல்லாத மூஞ்சி வராது

பத்திரிகையில் நான் சில வருஷம் கொள்ளைக்காரியாக இருந்திருக்கிறேன். குதிரை ஏறியிருக்கிறேன், வாள் வீசியிருக்கிறேன், ஒரு தடவை ராஜாவின் கஜானாவையே வண்டியோடு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். இதெல்லாம் நடந்த காலத்தில் நான் இலங்கையில் எஹலியகொடைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்குக் குதிரை தேவைப்படவில்லை.

என்னைக் கொள்ளைக்காரியாக்கியவர், லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டில் அடுத்த காம்பராக்காரர். அவர் பேரை நான் எழுதப்போவதில்லை. அவருக்கு இரண்டு பேர் இருந்தது ஒரு சமயம் பெரிய வில்லங்கமாகிவிட்டது. தோட்டத்தில் எல்லாரும் படக்காரர் என்பார்கள். எனக்கு அண்ணன். கூடப்பிறந்தவர் இல்லை. அவருடைய மனைவியை அண்ணி என்று கூப்பிட்டுப் பழகியதில் வந்த உறவு.

விடிவதற்குள் கத்தியும் வாளியுமாக மலையேறிவிடுவார். றப்பர் மரத்தில் பட்டை சீவிப் பால் இறக்குவதைப் பால்வெட்டு என்போம். அந்த வேலை பகலோடு முடிந்துவிடும். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, குளித்து, சோறு தின்று, இஸ்தோப்பு என்கிற வாசல் திண்ணையில் ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையை மடியில் வைத்து உட்கார்ந்தாரானால், வெளிச்சம் போகும்வரை எழுந்திருக்க மாட்டார். பக்கத்தில் கறுப்பு மைப் போத்தல், தொட்டு எழுதும் நிப்பு, இரண்டு தூரிகை. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. தோட்டமே சம்பளம் போச்சே என்று வானத்தைத் திட்டும்போது அவர் மட்டும் சந்தோஷமாக நிப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார். அண்ணிக்கு அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது சிங்களத்தில் சித்திரக்கதைப் பத்திரிகைகள் வாராவாரம் வந்துகொண்டிருந்தன. முழுப் பத்திரிகையும் படக்கதைதான். பக்கத்துக்கு ஒரு கதை, ஒவ்வொன்றும் வாரம் ஒரு பக்கமாக நகரும். டவுனில், தோட்டத்தில், பஸ்ஸில், முடிவெட்டும் கடையில் எங்கே பார்த்தாலும் யாராவது ஒருவர் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருப்பார். அண்ணன் இளவயதில் டவுனில் கடைப் பலகை எழுதுகிறவர்களோடு திரிந்தவர். அங்கே புத்தகக்கடை வைத்திருந்த ஒரு சிங்கள மாத்தயா கதை எழுதுவார். அவர்தான் இவருடைய படங்களைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டியவர். ஆசிரியருக்குப் படம் பிடித்துவிட்டது. தமிழ்ப் பேர்தான் பிடிக்கவில்லை. இவருக்கு ஒரு சிங்களப் பேர் வைத்துவிட்டார்கள்.

"பத்திரிகையில இருக்குற ஆளு வேற, பால் வாளி தூக்குற ஆளு வேற. ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் பாத்ததே இல்ல" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவரிடம் ஒரே ஒரு விசித்திரம். இல்லாத முகம் அவருக்கு வரையவே வராது. மாளிகை வரைவார், பார்த்ததில்லை. யானைப்படை வரைவார், பார்த்ததில்லை. முகம் மட்டும் கண்ணால் கண்ட முகமாக இருக்க வேண்டும். அதனால் அவருடைய கதையில் வந்த ராஜா, மந்திரி, சேனாதிபதி, திருடன் எல்லாரும் எங்கள் தோட்டத்திலும் டவுனிலும் நடமாடிக்கொண்டிருந்தவர்கள்தான்.

நீங்கள் அவரிடம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பீர்கள். திடீரென்று அவர் தலை ஒரு பக்கம் சாயும். இடது கண் சுருங்கும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது. "அரிசி தீந்துபோச்சு, கேக்குதா?" என்று அண்ணி கத்துவார். "கேக்குது, அப்புடியே கொஞ்சம் இரு" என்பார். ஒரு தடவை சாவு வீட்டில், செத்தவரின் மகன் அழுவதை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி அவர் தொடையில் கிள்ளி வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

"எழவு வீட்டுலயுமா? மனுசனா நீங்க?"

"நான் என்னா செய்யிறது? அழும்போது அவன் ஒதடு ஒரு பக்கம் மட்டும் இழுக்குது. நான் இத்தன நாளா ரெண்டு பக்கமும் இழுத்து வரைஞ்சுகிட்டு இருந்தேன்."

எனக்கு என் விஷயம் தெரியவந்தது பஸ்ஸில். அவிசாவளைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த சிங்கள அம்மா என்னைப் பார்ப்பதும் கையிலிருந்த பத்திரிகையைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் பத்திரிகையை என் பக்கம் திருப்பி, "நங்கி, மே ஒயா நேத?" என்றார். தங்கச்சி, இது நீதானே என்று கேட்கிறார். பார்த்தேன். நான்தான். என் மூக்கு, என் புருவத் தழும்பு. குதிரைமேல் இருந்தேன். கையில் வாள், வாளில் ரத்தம்.

திரும்பி வந்ததும் நேராக இஸ்தோப்புக்குப் போனேன்.

"என்னாண்ணே இது? புள்ளைகள பாத்துக்குற பொம்பள நான். என்னைய கொல பண்ண விட்டுருக்கீங்க!"

அவர் நிப்பைக் கீழே வைத்தார். "கோவிச்சுக்காத தங்கச்சி. போன மாசம் புள்ளைகளுக்குப் பால் மா அளவு கொறைச்சு வந்துச்சுன்னு ஸ்டோர் வாசல்ல நின்னு லொறிய போகவிடாம மறிச்சியே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கி ஒரு மூஞ்சி வச்சிருந்த. அதத்தான் போட்டேன்."

அதற்குமேல் எனக்குச் சண்டை போட வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பத்திரிகை வாங்க ஆரம்பித்தேன்.

ராஜா, டவுனில் ஒட்டுப்பால் வாங்குகிற முஸ்லிம் முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர். மரத்தில் ஒட்டிக் காய்ந்த பாலையெல்லாம் சேர்த்து வாங்கி லொறியில் அனுப்புகிற வியாபாரம். தன் முகம் கிரீடத்தோடு வந்ததைப் பார்த்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. "என்ட வாப்பா இருந்து பாத்தீக்கோணும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். சேனாதிபதி எங்கள் டிவிஷன் கங்காணி. அவருக்கும் மகிழ்ச்சிதான், கவசம் போட்டதில் தொப்பை தெரியவில்லை என்று.

சந்தோஷப்படாதவர் ஒருவர்தான். தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் ஐயா. அவர் முகம் மந்திரிக்குப் போயிருந்தது. மந்திரி என்றால் ராஜாவுக்கு விஷம் வைக்கப் பார்க்கிற மந்திரி.

கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். இளவயதில் வேலைக்கு வந்து எங்களோடேயே நரைத்துப்போனவர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை, குறைந்த பேச்சு. குடும்பம் எல்லாம் வடக்கில். யுத்தத்தால் ரோட்டில் சோதனைச் சாவடிகள் வந்த பிறகு அவர் கொழும்புக்குப் போவதையே விட்டுவிட்டார். அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்தால் இறக்கிவிடுவார்கள் என்று பயம். டவுனுக்குக்கூட வேலை இருந்தால்தான் இறங்குவார். பொலிஸ் ஜீப் ரோட்டில் போனால் கதவைச் சாத்திக்கொள்வார். அப்படிப்பட்டவரைப் பார்த்துத் தோட்டத்துப் பிள்ளைகள் "மந்திரி வர்றாரு, மந்திரி வர்றாரு" என்று ஓட ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் பின்னேரம் குடையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கே வந்துவிட்டார். அவர் லயத்துக்கு வந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. இஸ்தோப்புக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டார்.

"என்னத்துக்கு என்னைப் போட்டனீ? நான் உனக்கு என்ன செய்தனான்?"

அண்ணன் எழுந்து நின்றார். "நீங்க ஒன்னுமே செய்யல ஐயா."

"பிறகென்ன?"

வேறு யாராவது இருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார்கள். அண்ணனுக்கு அதுவும் வராது. "ஐயா, ஒங்க மூஞ்சில நெனப்பு ஒன்னு ஓடும், பேச்சு வேற ஒன்னா இருக்கும். என்னா நெனைக்கிறீங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. மந்திரிக்கு அந்த மூஞ்சிதான் வேணும். தேடிப் பாத்தேன், இந்தப் பக்கத்துல வேற ஆளே இல்ல."

கிளாக்கர் ஐயா குடையோடு திரும்பிப் போனார். பிறகு கொழும்புக்கு எழுதிப் போட்டார் போலிருக்கிறது. மந்திரியின் முகத்தை மாற்றச் சொல்லி ஆசிரியரிடமிருந்து செய்தி வந்தது. அண்ணன் உண்மையாகவே முயற்சி செய்தார். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு மூக்கைப் போடுவார், அழிப்பார். கண்ணைப் போடுவார், அழிப்பார். கடைசியில் வந்தது அவித்த உருளைக்கிழங்குக்குத் தாடி வைத்த மாதிரி இருந்தது.

"பொய் சொன்னா எனக்கு நாக்கு கொழறும். இப்ப கையும் கொழறுது தங்கச்சி" என்றார். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

அந்த உருளைக்கிழங்கு ஒரே ஒரு வாரம் வந்தது. மந்திரி எங்கே என்று கேட்டு வாசகர்கள் பத்திரிகைக்கு எழுதித் தள்ளிவிட்டார்கள். அடுத்த வாரம் கிளாக்கர் ஐயாவின் முகம் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அவர் அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனுக்கு மலை உச்சியில் வயதான மரங்களாகப் பார்த்துக் கொடுத்தார்கள். எவ்வளவு சீவினாலும் சொட்டுச் சொட்டாகத்தான் பால் வரும். அது யார் வேலை என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணி தினமும் ஆபீஸ் பக்கம் பார்த்து மண்ணைத் தூற்றாத குறைதான்.

அண்ணனுடைய பிற்காலத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வீடு டீ.வி. வந்தது. சித்திரக்கதைப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றன. பிறகு ஒரு தமிழ்ப் பத்திரிகையில் தினமும் மூன்று கட்டத்தில் ஒரு சின்னப் படக்கதை போட்டார், அவருடைய சொந்தப் பேரிலேயே. பேசும் பூனை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். மனிதன் இல்லையே, இதையாவது சும்மா வரைவார் என்று பார்த்தால், ஒரு வாரம் லயம் லயமாகப் பூனை பார்த்துத் திரிந்தார். கடைசியில் எங்கள் வீட்டுப் பூனையே போனது. யுத்தம் முடிந்த வருஷம்வரை அது வந்தது. அப்போது அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. தானாகவே நிறுத்திக்கொண்டு, ஓப்பநாயக்கவில் மகள் வீட்டுக்கு அண்ணியோடு போய்விட்டார்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது ஒரே ஒரு நாள். அது தொண்ணூறுகளின் நடுவில், கொழும்பில் பெரிய குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம்.

மாதம் ஒரு தடவை பக்கங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவரே கொழும்புக்கு பஸ் ஏறுவார். அன்றைக்கும் ஏறினார். வழியில் ஒரு சாவடியில் எல்லாரையும் இறக்கி வரிசையில் நிற்க வைத்தார்கள். அது எங்களுக்குப் பழகிய விஷயம். தலையைக் குனிந்துகொண்டு அட்டையைக் காட்டிவிட்டு ஏறிவிட வேண்டும். ஆனால் அட்டை பார்த்துக்கொண்டிருந்த சிப்பாய்க்கு நல்ல முகமாம். கன்னம் ஒட்டி, காது விரிந்து, தூக்கம் இல்லாத கண். அண்ணனுக்குத் தலை சாய்ந்துவிட்டது, இடது கண் சுருங்கிவிட்டது.

"மொகத பலன்னே?" என்று அவன் கத்தியிருக்கிறான். என்ன பார்க்கிறாய் என்று. அப்படியும் இவர் பார்வையை எடுக்கவில்லை. கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. பையைக் கொட்டினார்கள்.

பக்கங்களில் ஒரு சிங்களப் பேர், அட்டையில் ஒரு தமிழ்ப் பேர். யார் நீ? எது உன் பேர்? அதுவே போதும். ஆனால் அதைவிட மோசமான ஒன்று பையில் இருந்தது. கதையில் வருகிற ஆட்களின் முகங்களை அவர் ஒரே தாளில் வரைந்து வைத்திருப்பார். ஒவ்வொரு முகமும் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. வாராவாரம் முகம் மாறிப்போகாமல் இருக்க அது வேண்டும். பொலிஸில் ஆட்களைப் படம் பிடிப்பதும் அதே மாதிரித்தான். முகங்களுக்குக் கீழே தமிழில் சின்னச் சின்னக் குறிப்புகள். சாவடியிலிருந்து அவரைப் பொலிசில் ஒப்படைத்தார்கள்; பொலிசார் தமிழ் தெரிந்த ஒரு கடைக்காரரைக் கூட்டிவந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் பாவம், உள்ளதை வாசித்தார். கங்காணியின் முகத்துக்குக் கீழே, "அடுத்த மாதம் நாலாம் வாரம் சாவு. பாலத்தில்." கிளாக்கர் ஐயாவின் முகத்துக்குக் கீழே, "கடைசியில் கொல்ல வேண்டும்."

யார் முகங்கள் என்று கேட்டபோது அண்ணனும் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் காலை பொலிஸ் ஜீப் தோட்டத்துக்கு வந்தது. பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றால் மேட்டிலிருக்கும் ஆபீஸ் தெரியும். என் மகள் இடுப்பில் இருந்தாள். ஒரு சார்ஜன் இறங்கி, ஆபீஸ் படியில் வைத்தே கிளாக்கர் ஐயாவிடம் ஒரு தாளை நீட்டினார். ஐயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை வெகுநேரம் பார்த்தார். சார்ஜன் ஏதோ கேட்டார். ஐயா ஏதோ சொன்னார். பிறகு உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொண்டு வந்து ஜீப்பில் ஏறினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஆபீஸ் பியூன் ஓடிவந்தார். "படக்காரர பொலிசுல புடிச்சு வச்சிருக்காங்களாம். கிளாக்கரையும் கங்காணியையும் கொல்ல ஆள் வச்சிருக்கார்னு கேசாம். 'இவனுக்கும் உங்களுக்கும் பகை இருக்கா'ன்னு சார்ஜன் கேட்டாரு. ஐயா 'இருக்கு'ன்னுட்டாரு. ஸ்டேசனுக்கே வந்து சொல்றேன்னு போறாரு."

அந்தக் காலத்தில் அப்படி ஒரு வார்த்தை போதும். பிடித்துக்கொண்டு போன பையன்களை எந்தச் சிறையில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் அலைந்த தாய்மாரை எங்கள் தோட்டத்திலேயே பார்த்திருக்கிறோம். அண்ணியிடம் யார் சொல்வது? நான்தான் மலையேறிப் போய்ச் சொன்னேன். அவர் பால் வாளியை அப்படியே மரத்தடியில் வைத்துவிட்டு, "அந்தக் கிளாக்கன் முடிச்சிட்டான்" என்றார். அழவில்லை. விறுவிறுவென்று இறங்கினார்.

டவுனுக்கு ஓடினோம், நானாவிடம். கங்காணியும் கூட வந்தார். நானா கேட்டு முடிக்கும்வரைகூட இருக்கவில்லை.

"லொறி ஈக்கி தானே. ஏறுங்க, ஏறுங்க. பழைய பேப்பர் எல்லாம் என்ட கிட்ட ஈக்கி. அதையும் எடுங்க."

லொறியில் ஒட்டுப்பால் மூட்டைகள் பாதிக்கு மேல் இருந்தன. அந்த நாற்றத்துக்கு நடுவில் நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். ராஜா ஓட்டினார். சேனாதிபதியும் கொள்ளைக்காரியும் பின்னால் மூட்டைமேல் இருந்தார்கள். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. என் மகள் மட்டும் வழியில் தெரிந்த மாட்டையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

பொலிஸ் நிலையத்தில் எங்களை வாசலிலேயே நிறுத்தினார்கள். உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. நிதானமான குரல், திருத்தமான சிங்களம். கேட்கக் கேட்க அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"…அந்த மந்திரி, ராஜாவுடைய பாலில் விஷம் கலக்கிறான். ஆனால் பாலைக் குடித்தது ராஜா இல்லை, பூனை. அது பொசன் போயா பௌர்ணமி வந்த வாரத்துப் பத்திரிகையில். அடுத்த வாரம் மந்திரி பழியைச் சேனாதிபதிமேல் போடுகிறான். சேனாதிபதி காட்டுக்கு ஓடுகிறான். அங்கேதான் கொள்ளைக்காரியைச் சந்திக்கிறான்…"

கிளாக்கர் ஐயாவின் குரல். நிலையப் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி.யின் மேசைக்கு முன்னால், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, குடையை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, கதையை முதல் வாரத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் விடவில்லை. பத்திரிகை பக்கமே திரும்பாதவர் என்று நாங்கள் நினைத்திருந்தவர். அவருடைய அடையாள அட்டை மேசைமேல் திறந்து கிடந்தது. ஒரு கை குடைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தது. குரல் நடுங்கவில்லை.

ஓ.ஐ.சி. எங்களை நிமிர்ந்து பார்த்தார். "யார் இவர்கள்?"

கிளாக்கர் ஐயா திரும்பினார். எங்களைப் பார்த்ததும் அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது. "சேர், நான் சொன்ன ஆட்கள். நீங்களே பாருங்கள்."

ஓ.ஐ.சி. முகங்கள் இருந்த தாளை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். முதலில் நானாவுக்கு முன்னால் நின்றார். தாளைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார். நானா தானாகவே பக்கவாட்டில் திரும்பிக் காட்டினார். ஓ.ஐ.சி.யின் மீசை லேசாக அசைந்தது. அடுத்தது கங்காணி.

"நாலாம் வாரம் சாகப்போவது நீயா?"

"ஆமாங்க சேர்" என்றார் கங்காணி, சிங்களத்தில். "பாலத்துல. இப்பதான் எனக்கே தெரியும்."

பிறகு என் முறை. தாளை என் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். அப்போதுதான் என் முகத்துக்குக் கீழே எழுதியிருந்ததை நானும் வாசித்தேன். "கையில் வாள். பயம் இல்லாதவள்." நான் மகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன். மகள் ஓ.ஐ.சி.யின் பொத்தானைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"கொள்ளைக்காரி?" என்று கேட்டார்.

"நான்தான் சேர்."

பக்கத்தில் நின்ற சார்ஜன் சிரித்துவிட்டார். நானா கொண்டுவந்த பழைய பத்திரிகைகளை மேசையில் பரப்பினோம். நாலைந்து பொலிஸ்காரர்கள் சுற்றி நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அந்தக் கதையைப் படிக்கிறவர்கள். பத்திரிகை ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். பேரைத் தான்தான் வைத்ததாக அவர் ஒப்புக்கொண்டார்.

ஓ.ஐ.சி. கடைசியாகக் கிளாக்கர் ஐயா பக்கம் திரும்பினார். "உனக்கும் அவனுக்கும் பகை இருக்கிறது என்று நீதானே சொன்னாய்? கடைசியில் கொல்ல வேண்டும் என்று உன் படத்துக்குக் கீழேதான் எழுதியிருக்கிறது."

"பகை இருக்கிறது சேர், பொய் சொல்ல மாட்டேன்" என்றார் ஐயா. "ஆனால் அவன் கொல்லப்போவது மந்திரியை. அது நியாயம். எனக்கு ஆட்சேபணை இல்லை."

கிளாக்கர் ஐயாவும் நானாவும் பிணைக்குக் கையெழுத்துப் போட்டார்கள். பின்பக்கமிருந்து அண்ணனைக் கூட்டிவந்தார்கள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. சட்டையில் பொத்தான் இல்லை. அண்ணி கன்னத்தைப் பார்க்கவில்லை. நேரே போய் அவருடைய வலது கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தார். எல்லா விரலும் மடங்கியது. அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. அப்படி ஒரு அழுகை. வாசலில் நின்ற காவல்காரன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

லொறியில் ஏறினோம். முன்னால் நானாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் கிளாக்கர் ஐயா எங்களோடு பின்னால்தான் ஏறினார். வெள்ளைச் சட்டையோடு ஒட்டுப்பால் மூட்டைமேல் உட்கார்ந்தார். லொறி கிளம்பிப் பொலிஸ் நிலையம் மறைந்தது. அப்புறம் அவர் பெரிய மூச்சு ஒன்று விட்டார். மடியிலிருந்த அடையாள அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"ஐயா" என்றார் அண்ணன். "எங்களுக்கு ஒங்கள புரியவே இல்ல. மன்னிச்சிருங்க. மந்திரிய நான் கொல்லல. திருந்தி நல்லவனாகிட்ட மாதிரி முடிச்சிர்றேன்."

கிளாக்கர் ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "விசர்க் கதை கதையாதை! இவ்வளவு காலமும் கெட்டவனா இருந்திட்டு கடைசியில திருந்தினா கதை பழுதாப் போகும். கொல்லு. வடிவாக் கொல்லு. நான் எத்தினை வாரம் காத்துக்கொண்டிருக்கிறன்!"

முதலில் சிரித்தது அண்ணி. கண்ணீர் காயாத முகத்தோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கங்காணி, பிறகு நான். முன்னால் நானா என்ன என்ன என்று கத்திக் கேட்டுக்கொண்டு வந்தார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. கிளாக்கர் ஐயாவும் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்த முகத்தில் அப்போது ஒரே ஒரு நினைப்புத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி.

அண்ணன் பார்ப்பாரே என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"என்னாங்க, நோவுதா?" என்றார் அண்ணி.

"இல்ல."

"பின்ன ஏன் கண்ண மூடிகிட்டு வர்றீங்க?"

"தொறந்தா வரையணும் போல இருக்கும்" என்றார். "இன்னைக்கி வேணாம். இன்னைக்கி சும்மா ஒங்ககூட ஒக்காந்து வர்றேன்."

அண்ணி அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என் மகள் தூங்கிப்போயிருந்தாள். லொறி றப்பர் மரங்களுக்குள் ஏறத் தொடங்கியது.